தசம எண்களை ஒப்பிடுதலும் பொதுக் காரணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தசம எண்களைச் சிறியது பெரியது என்று வரிசைப்படுத்துவதும், இரண்டு எண்களின் பொதுக் காரணிகளைக் கண்டறிவதும் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாகவே வருகின்றன. ஆனால் ஒரு பின்னம் தசமமாக மாறும்போது அந்தத் தசமம் எங்கே முடியும், முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது பொதுக் காரணிதான். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கற்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

0.125, 0.3 ஆகிய இரண்டில் பெரியது எது? மூன்று இலக்கம் உள்ளதுதானே பெரியதாக இருக்க வேண்டும்?

0.3 தான் பெரியது. முழு எண்களில் இலக்கங்கள் கூடினால் மதிப்பும் கூடும். 125 என்பது 3-ஐவிடப் பெரியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே புள்ளிக்கு வலப்பக்கமும் கொண்டு போவதால் இந்தத் தவறு நேர்கிறது. புள்ளிக்கு வலப்பக்கத்தில் முதல் இடம் பத்தில் ஒன்றாம் இடம், அடுத்தது நூறில் ஒன்றாம் இடம், அதற்கடுத்தது ஆயிரத்தில் ஒன்றாம் இடம். ஒன்றை ஆயிரம் சம பங்குகளாகப் பிரித்தால் 0.3 என்பது அவற்றில் 300 பங்கு, 0.125 என்பது 125 பங்கு மட்டுமே.

எண்ணை வாய்விட்டுப் படிக்கும் முறையும் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது. 0.125-ஐப் 'புள்ளி நூற்று இருபத்தைந்து' என்று படித்தால் காதில் விழுவது நூற்று இருபத்தைந்து என்னும் பெரிய எண்தான். 'பூச்சியம் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகப் படிப்பதே சரி. சிறு வயதிலேயே இதை வற்புறுத்தினால் பிற்பாடு திருத்த வேண்டிய வேலை பெருமளவு குறையும்.

அப்படியானால் இலக்கங்கள் குறைவாக உள்ள தசமம்தான் எப்போதும் பெரியதா?

இல்லை. முதல் தவறைத் திருத்தப் போய் மாணவர்கள் விழும் இரண்டாவது குழி இது. 'நூறில் ஒன்று என்பது பத்தில் ஒன்றைவிடச் சிறியது. ஆகவே நூறில் ஒன்றாம் இடம் வரை நீளும் எண் சிறியது' என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 0.42-ஐயும் 0.3-ஐயும் எடுத்துக்கொண்டால் அந்த எண்ணம் உடனே உடைந்துவிடும்: 0.42 என்பது நூறில் 42 பங்கு, 0.3 என்பது நூறில் 30 பங்கு.

இந்தத் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஏனென்றால் பல வினாக்களில் தவறான விதியே சரியான விடையைத் தந்துவிடும். ஆகவே கற்பிப்பவர்கள் (0.125, 0.3) போன்ற இணையையும் (0.42, 0.3) போன்ற இணையையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லும் மாணவர் இடமதிப்பைப் பார்க்கவில்லை, எண்ணின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

சரியான முறைதான் என்ன?

முதலில் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ள முழு எண்களை ஒப்பிட வேண்டும். அவை வேறுபட்டால் வேலை அங்கேயே முடிந்தது, 4.1 என்பது 3.98765-ஐவிடப் பெரியது, வலப்பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. அவை சமமாக இருந்தால் பத்தில் ஒன்றாம் இடத்தையும், அதுவும் சமமானால் நூறில் ஒன்றாம் இடத்தையும் என்று இடமிருந்து வலமாக நகர வேண்டும். இலக்கங்கள் முதன்முதலாக வேறுபடும் இடத்தில் எந்த எண்ணின் இலக்கம் பெரியதோ அந்த எண்ணே பெரியது.

முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடலாம் என்பதற்குக் காரணம் தெரிந்திருப்பது அவசியம். அது தெரியாவிட்டால் இந்த முறையும் மனப்பாடம் செய்த இன்னொரு விதியாகவே தங்கிவிடும். 0.4-ஐயும் 0.3999-ஐயும் பாருங்கள். பின்னதில் எத்தனை ஒன்பதுகளை அடுக்கினாலும், அடுக்குவது ஓரிடத்தில் நிற்கும் வரை, அவை எல்லாம் சேர்ந்தும் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. வலப்பக்க இடங்கள் அனைத்தும் ஒன்று கூடினாலும் இடப்பக்க இடத்தின் ஓர் அலகுக்கு ஈடாகாது என்பதே நாம் பயன்படுத்தும் பத்தடிமான முறையின் அடிப்படை. ஒன்பதுகள் முடிவே இல்லாமல் தொடர்ந்தால் மட்டும் 0.3999… என்பது 0.4-க்குச் சரியாகச் சமமாகிறது.

எண்ணின் கடைசியில் பூச்சியம் சேர்த்தால் மதிப்பு மாறாதா?

மாறாது. 0.5, 0.50, 0.500 ஆகிய மூன்றும் ஒரே எண்தான். பத்தில் ஐந்து பங்கும் நூறில் ஐம்பது பங்கும் ஒரே அளவு. ஒப்பிட வேண்டிய எண்களின் நீளம் வேறுபடும்போது குட்டையானவற்றின் வால்பகுதியில் பூச்சியங்களைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிக்கொள்வது மிகவும் உதவும். ஆனால் புள்ளிக்கும் முதல் இலக்கத்துக்கும் இடையே வரும் பூச்சியம் வேறு வகையானது: 0.7-க்கும் 0.07-க்கும் பத்து மடங்கு வேறுபாடு உண்டு.

அளவீடுகளில் மட்டும் கடைசிப் பூச்சியம் கூடுதலாக ஒரு செய்தியைச் சொல்லும். ஒரு நீளம் 2.50 மீட்டர் என்று எழுதப்பட்டிருந்தால் அது சென்டிமீட்டர் வரை துல்லியமாக அளக்கப்பட்டது என்று பொருள், 2.5 மீட்டர் என்றால் அந்த உறுதி கிடையாது. எண்ணாகப் பார்க்கும்போது இரண்டும் சமமே.

நான்கைந்து தசம எண்களை ஏறுவரிசையில் எழுதுவது எப்படி?

2.3, 2.03, 2.303, 2.33, 2.033 ஆகிய எண்களை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் மூன்று இடங்களாக்கினால் 2.300, 2.030, 2.303, 2.330, 2.033 என்று கிடைக்கும். முழு எண் எல்லாவற்றிலும் 2 என்பதால் 300, 030, 303, 330, 033 ஆகியவற்றை ஒப்பிட்டாலே போதும். ஏறுவரிசை: 2.03, 2.033, 2.3, 2.303, 2.33. இறங்குவரிசை வேண்டுமானால் இதைத் தலைகீழாக எழுதுங்கள். தாளில் எழுதும்போது புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிற்குமாறு எழுதினால் தவறுகள் பெரிதும் குறையும். விடையை எழுதும்போது வினாவில் கொடுத்த வடிவத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

வரிசைப்படுத்திய பிறகு அந்த வரிசைக்கு என்ன பொருள் என்று யோசிப்பதும் வேலையின் ஒரு பகுதிதான். உசேன் போல்ட் 100 மீட்டர் ஓட்டத்தில் 2008, 2012, 2016 ஒலிம்பிக் போட்டிகளின் இறுதிச் சுற்றுகளில் முறையே 9.69, 9.63, 9.81 வினாடிகளும், 2009 உலகச் சாம்பியன் போட்டியில் 9.58 வினாடிகளும் எடுத்துக்கொண்டார். இங்கே மிகச் சிறிய எண்ணான 9.58 தான் மிகச் சிறந்த ஓட்டம். நீளம் தாண்டுதலில் இது தலைகீழ். பெரிய எண்ணே வெற்றி. 2008 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸ் 50.58 வினாடிகளிலும் அவரை அடுத்து வந்தவர் 50.59 வினாடிகளிலும் முடித்தார்கள். தங்கப் பதக்கத்தை முடிவு செய்தது நூறில் ஒன்றாம் இடத்தில் இருந்த ஒரே ஓர் இலக்கம்.

குறை எண்களாக இருந்தால்?

வரிசை திரும்பிவிடும். 0.5 என்பது 0.45-ஐவிடப் பெரியது, ஆகவே –0.5 என்பது –0.45-ஐவிடச் சிறியது. எண்கோட்டில் இடப்பக்கம் போகப் போக மதிப்பு குறையும் என்பதை ஒரு கோடு வரைந்து பார்த்தால் போதும்.

மென்பொருளில் 3.10 என்பது 3.9-க்குப் பிறகு வந்த பதிப்பு என்கிறார்கள். ஆனால் கணக்கில் 3.9 தானே பெரியது?

இரண்டும் சரி, ஏனென்றால் மென்பொருள் பதிப்பெண்ணில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. பைத்தான் மொழியின் 3.9 பதிப்பு 2020-இலும் 3.10 பதிப்பு 2021-இலும் வெளிவந்தன. அங்கே புள்ளிக்கு இருபுறமும் இருப்பவை தனித்தனி முழு எண்கள்; ஒன்பதுக்குப் பின் பத்து வருகிறது. நூல்களின் உட்பிரிவு எண்களும் இப்படித்தான். கிரிக்கெட்டில் 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவரும் ஐந்து பந்தும் என்று பொருளே தவிர நாலரை ஓவர் என்று பொருளல்ல; ஓவருக்கு ஆறு பந்து என்பதால் நாலரை ஓவரை 4.3 என்று எழுதுகிறார்கள். குழந்தைகள் இந்தப் புள்ளிகளை எல்லாம் அன்றாடம் பார்க்கிறார்கள். எது தசமம், எது தசமம்போல் தோன்றுவது என்று பிரித்துக் காட்டுவதற்கு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் தகும்.

பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இடுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே 3,14 என்பது நம்முடைய 3.14.

0.4-க்கு அடுத்த தசம எண் எது?

அப்படி ஒன்று இல்லை. 0.5 என்று சொன்னால் இடையில் 0.41 இருக்கிறது, 0.41 என்றால் 0.401, அதற்கும் முன்னால் 0.4001. எந்த இரண்டு தசம எண்களுக்கு நடுவிலும் முடிவில்லாத எண்கள் இருக்கின்றன. முழு எண்களில் ஐந்துக்கு அடுத்தது ஆறு என்று சொல்லிப் பழகிய மனத்துக்கு இது முதலில் ஏற்கக் கடினமாக இருக்கும். அவசரப்படாமல் இந்தக் கேள்வியோடு சற்று நேரம் இருக்க விடுங்கள்.

இனி காரணிகளுக்கு வருவோம். ஓர் எண்ணின் காரணிகளை ஒன்றுகூட விடாமல் எழுத வழி உண்டா?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் முழு எண்ணே அதன் காரணி. காரணிகள் எப்போதும் இணைகளாக வருவதால் இணை இணையாக எழுதுவதே பாதுகாப்பானது. 72-க்கு: 1 × 72, 2 × 36, 3 × 24, 4 × 18, 6 × 12, 8 × 9. எட்டுக்கு அடுத்த எண்ணான ஒன்பது ஏற்கெனவே பட்டியலில் வந்துவிட்டதால் இங்கே நிறுத்திவிடலாம். எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டித் தேட வேண்டியதில்லை என்பதே இதற்குப் பின்னால் உள்ள உண்மை; இணையில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குச் சமமாகவோ அதைவிடச் சிறியதாகவோ இருந்தே ஆக வேண்டும்.

எதுவும் விடுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளவும் வழி உண்டு. 72-ஐப் பகா எண்களின் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்களின்) பெருக்கலாக எழுதினால் 2 × 2 × 2 × 3 × 3. 2 என்பது மூன்று முறையும், 3 என்பது இரண்டு முறையும் வருகின்றன. ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 4 × 3 = 12; மேலே எழுதிய பட்டியலிலும் பன்னிரண்டு காரணிகள்தான் உள்ளன. பெரிய எண்ணுக்கு நிறையக் காரணிகள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 97-க்கு இரண்டே காரணிகள்; அதைவிட மிகச் சிறிய 24-க்கு எட்டுக் காரணிகள்.

பொதுக் காரணிகளை எப்படிக் கண்டறிவது?

72-க்கும் 84-க்கும் பார்ப்போம். 84-இன் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 7, 12, 14, 21, 28, 42, 84. இரண்டு பட்டியல்களிலும் உள்ளவை 1, 2, 3, 4, 6, 12. இவற்றுள் பெரியதாகிய 12 தான் மீப்பெரு பொதுக் காரணி, சுருக்கமாக மீ.பொ.கா.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என்பவை 12-இன் காரணிகளேதான். இது தற்செயல் அல்ல; எந்த இரண்டு எண்களின் பொதுக் காரணிகளும் அவற்றின் மீ.பொ.கா.வின் காரணிகளாகவே இருக்கும். ஆகவே மீ.பொ.கா. கிடைத்துவிட்டால் நீண்ட பட்டியல்களே தேவையில்லை. பகாக் காரணிகளைக் கொண்டும் அதை எடுக்கலாம்: 72 = 2 × 2 × 2 × 3 × 3; 84 = 2 × 2 × 3 × 7; இரண்டுக்கும் பொதுவானவை 2, 2, 3; அவற்றின் பெருக்கல் 12.

எண்கள் பெரியவையாக இருந்து, காரணிகளே கண்ணில் படாவிட்டால் என்ன செய்வது?

கழித்துப் பாருங்கள். ஓர் எண் இரண்டு எண்களை மீதியின்றி வகுத்தால் அவற்றின் வேறுபாட்டையும் மீதியின்றி வகுக்கும். 391, 368 ஆகியவற்றின் வேறுபாடு 23. ஆகவே அவற்றின் பொதுக் காரணி எதுவானாலும் அது 23-ஐ வகுக்க வேண்டும். 23 பகா எண் என்பதால் விடை 1 அல்லது 23. வகுத்துப் பார்த்தால் 391 = 17 × 23, 368 = 16 × 23; மீ.பொ.கா. 23. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இந்தக் கருத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் தம் எலிமெண்ட்ஸ் நூலின் ஏழாம் புத்தகத்தில் தந்த முறை. 1463, 1001 ஆகிய எண்களுக்கு: 1463-ஐ 1001-ஆல் வகுத்தால் மீதி 462, 1001-ஐ 462-ஆல் வகுத்தால் மீதி 77, 462-ஐ 77-ஆல் வகுத்தால் மீதி 0. கடைசியாக வகுத்த எண்ணாகிய 77 தான் மீ.பொ.கா.; பொதுக் காரணிகள் 1, 7, 11, 77. ஓர் எண்ணின் பகாக் காரணியைக்கூடத் தேடாமல் மூன்றே வகுத்தலில் விடை வந்துவிட்டது. இத்தனை பழைய வழிமுறை கணினிகளில் இன்றும் பயன்படுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது.

1 மட்டுமே பொதுக் காரணியாக இருந்தால் அந்த எண்கள் பகா எண்களா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. 8-உம் 15-உம் பகு எண்கள். ஆனாலும் அவற்றுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. இத்தகைய இணையைச் சார்பகா எண்கள் என்கிறோம்.

தசம எண்களுக்குப் பொதுக் காரணி காண முடியுமா?

காரணி என்ற கருத்து முழு எண்களுக்கே உரியது. ஆனால் கேள்வியின் நோக்கம் பெரும்பாலும் பொது அளவு ஒன்றைக் காண்பதாக இருக்கும். அதற்கு வழி உண்டு. 1.2 மீட்டர், 0.84 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை மிச்சமின்றி, கூடிய வரை நீளமான சமத் துண்டுகளாக வெட்ட வேண்டும் என்று கொள்வோம். சென்டிமீட்டருக்கு மாற்றினால் 120, 84, அவற்றின் மீ.பொ.கா. 12. ஒவ்வொரு துண்டும் 0.12 மீட்டர், முதல் கம்பியில் பத்துத் துண்டுகள், இரண்டாவதில் ஏழு. இங்கேயும் 1.2-ஐ 1.20 என்று ஆக்கிய பிறகே கணக்கு நகர்கிறது. மறந்துபோய் 12-க்கும் 84-க்கும் மீ.பொ.கா. கண்டால், இங்கே தற்செயலாக அதே 12 வந்தாலும், வேறு கணக்குகளில் விடை தவறிவிடும்.

பின்னத்தைத் தசமமாக மாற்றினால் சில முடிகின்றன, சில முடிவதில்லை. முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும், பொதுக் காரணியின் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. முதலில் பின்னத்தின் தொகுதியையும் (மேலே உள்ள எண்) பகுதியையும் (கீழே உள்ள எண்) அவற்றின் மீ.பொ.கா.வால் வகுத்து எளிய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பின் பகுதியில் 2, 5 ஆகிய பகாக் காரணிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் தசமம் முடிவுறும்; வேறு ஒன்று இருந்தாலும் முடிவின்றிச் சுழலும். பத்து என்பது 2 × 5 என்பதே இதற்குக் காரணம்: பகுதியை 10, 100, 1000 என்று பத்தின் அடுக்குகளில் ஒன்றாக மாற்ற முடிந்தால்தான் தசமம் முடியும்.

6/15-ஐப் பாருங்கள். பகுதியில் 3 இருப்பதால் முடிவுறாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. மீ.பொ.கா. 3-ஆல் சுருக்கினால் 2/5, அதாவது 0.4. ஆனால் 6/14 சுருங்கி 3/7 ஆகிறது, அது 0.428571428571… என்று ஆறு இலக்கங்கள் மீண்டும் மீண்டும் வரும் சுழல் தசமம். எதிர்த்திசையிலும் இதே வேலைதான்: 0.375 என்பது 375/1000, மீ.பொ.கா. 125, எளிய வடிவம் 3/8.

தமிழின் பழைய பின்னப் பெயர்களும் இந்த விதிக்கு அழகாக அடங்குகின்றன. கால் 0.25, அரைக்கால் 0.125, மாகாணி 0.0625, மா 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. முந்திரி என்பது 320-இல் ஒன்று; 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்த பெருக்கல். அதனால் இவை எல்லாமே முடிவுறு தசமங்கள்.

இரண்டு பாடங்களையும் ஒருங்கே பழக ஒரு கணக்குத் தர முடியுமா?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் பை என்னும் மாறிலிக்குப் பல காலங்களில் சொல்லப்பட்ட தோராய மதிப்புகளை ஏறுவரிசையில் எழுதிப் பாருங்கள். ஆர்க்கிமிடிஸ் அதை 223/71-க்கும் 22/7-க்கும் இடையில் அடைத்தார். சீனத்தின் ஸு சோங்ஜி 355/113 என்றார். ஆரியபட்டர் விட்டம் 20000 என்றால் சுற்றளவு ஏறத்தாழ 62832 என்றார். கடைசிப் பின்னத்தில் இருந்து தொடங்குங்கள். 62832-க்கும் 20000-க்கும் மீ.பொ.கா. 16, சுருக்கினால் 3927/1250. பகுதியாகிய 1250 என்பது 2 × 5 × 5 × 5 × 5. ஆகவே இது முடிவுறும், மதிப்பு 3.1416. மற்ற மூன்றின் பகுதிகள் 71, 7, 113 ஆகிய பகா எண்கள். அவை முடிவுறா என்பது வகுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வகுத்தால் 223/71 = 3.140845…, 22/7 = 3.142857…, 355/113 = 3.14159292… என்று வரும். பையின் மதிப்பு 3.14159265….

முதல் மூன்று இலக்கங்கள் எல்லாவற்றிலும் 3.14. ஆயிரத்தில் ஒன்றாம் இடத்தில் 223/71-க்கு 0-உம் 22/7-க்கு 2-உம் மற்றவற்றுக்கு 1-உம் இருப்பதால் அவை இரண்டும் இரு கடைசிகளுக்குப் போய்விடுகின்றன. அடுத்த இடத்தில் 3.1416 பிரிந்துவிடுகிறது. 355/113-உம் பையும் 3.141592 வரை ஒன்றாகவே வந்து, ஏழாவது தசம இடத்தில்தான் முன்னதற்கு 9 என்றும் பின்னதற்கு 6 என்றும் பிரிகின்றன. ஆகவே ஏறுவரிசை: 223/71, பை, 355/113, 3927/1250, 22/7.